வீடு வரும் இடத்தில் வேலைக்கும் இடம் வேண்டும்

ஒரு வட்டாரத்தின் பெயர்களைக் கூர்ந்து பார்த்தாலே அங்கு யார் வாழ்ந்தார்கள், என்ன செய்தார்கள் என்பது தெரிந்துவிடும். சிராங்கூன் சாலையை ஒட்டிய பகுதியை அக்காலத் தமிழர்கள் சுண்ணாம்புக் கம்பம் என்று அழைத்தார்கள். சுண்ணாம்புக் காளவாய்களும் செங்கல் சூளைகளும் அங்கே இருந்தன. கண்டாங் கெர்பாவ் என்றால் மலாய் மொழியில் எருமைத் தொழுவம். பஃபலோ சாலையும் அதே மாட்டு வணிகத்தின் நினைவுதான். பெலிலியோஸ் சாலை கல்கத்தாவிலிருந்து வந்த ஒரு கால்நடை வணிகரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. சற்றுத் தள்ளி டோபி காட். அது சலவைத் தொழிலாளர்களின் துறை. ரேஸ் கோர்ஸ் சாலையின் பெயருக்கு விளக்கமே தேவையில்லை.

இவை அனைத்தும் தொழிலின் பெயர்கள். நம் முன்னோர் இங்கு வேலை தேடி வந்தார்கள். வேலை கிடைத்த இடத்தைச் சுற்றித்தான் கோயிலும் பள்ளிவாசலும் கடைத்தெருவும் எழுந்தன. அந்த வேலையிடங்கள் ஒவ்வொன்றாகக் குடியிருப்புகளாக மாறிவரும் இக்காலத்தில், வேலைக்கும் ஓர் இடம் ஒதுக்கப்பட வேண்டும் என்று கேட்பது நம் கடமை என்பதே இக்கட்டுரையின் கருத்து. தமிழ்ப் பேரவையின் மலரில் நிலப் பயன்பாட்டைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் வியக்கலாம். காரணம் இருக்கிறது.

1989ஆம் ஆண்டின் இரு முடிவுகள்

1989 மார்ச் மாதம் வீடமைப்பு வளர்ச்சிக் கழகப் பேட்டைகளில் இன ஒருங்கிணைப்புக் கொள்கை நடப்புக்கு வந்தது. ஒவ்வொரு புளோக்கிலும் அக்கம்பக்கத்திலும் ஒவ்வோர் இனத்தாரும் இவ்வளவு விகிதத்துக்கு மேல் குடியிருக்கக் கூடாது என்று வரம்பு வகுக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் லிட்டில் இந்தியா பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அரசிதழில் அறிவிக்கப்பட்டது.

இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். சிங்கப்பூரில் தமிழர் மட்டும் திரண்டு வாழும் குடியிருப்பு என்று ஒன்று கிடையாது; அப்படி இருக்கவும் கூடாது என்பது கொள்கை. நாம் ஈசூனிலும் உட்லண்ட்சிலும் தெம்பனிசிலும் பரவி வாழ்கிறோம். அது நல்லதே. ஆனால் அதன் விளைவாக, வகுப்பறைக்கும் மேடைக்கும் வெளியே நம் மொழி பொதுவெளியில் பேசப்படும் இடம் பெரும்பாலும் ஒரு வேலையிடமாகத்தான் இருக்கிறது. தேக்காவில் தமிழ் கேட்கிறதென்றால், அங்கே பூத்தொடுப்பவர், தையற்காரர், நகைக்கடைக்காரர், காய்கறி வியாபாரி ஆகியோர் தமிழில் தொழில் செய்கிறார்கள் என்று பொருள். தமிழில் விலை பேசி, தமிழில் கணக்குச் சொல்லி, தமிழில் வேலை கற்றுத்தரும் இடம் அது. அந்த வேலை போய்விட்டால் பண்டிகைக் கால விளக்குகள் மட்டும் எஞ்சும்.

இது வெறும் அச்சமல்ல. முன்பே ஒருமுறை நடந்திருக்கிறது. நகர மையத்தின் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் செட்டியார்களின் கிட்டங்கிகள் வரிசையாக இருந்தன. நீண்ட கூடத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு மேசை, ஒரு பெட்டி. அதுவே அலுவலகம், அதுவே உறங்கும் இடம். வாடகைக் கட்டுப்பாட்டிலிருந்து ‘கோல்டன் ஷூ’ எனப்பட்ட அப்பகுதியை விடுவிக்க 1969இல் தனிச் சட்டம் வந்தது. வங்கிக் கோபுரங்கள் எழுந்தன, கிட்டங்கிகள் இடிக்கப்பட்டன. நிதி மையம் உருவானதை நாம் குறை கூறவில்லை. ஆனால் அத்தெருவில் தமிழ் ஒரு வணிக மொழியாக இருந்த காலம் அத்தோடு முடிந்தது. இன்று அதே மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் 2021இல் கட்டி முடிக்கப்பட்ட கேப்பிட்டாஸ்பிரிங் கோபுரத்தில் அலுவலகங்களோடு சேவைக் குடியிருப்பும் இருக்கிறது.

மூன்று குதிரைப் பந்தயத் திடல்கள்

1843இல் தொடங்கிய சிங்கப்பூர்க் குதிரைப் பந்தயத்தின் முதல் திடல் ஃபேரர் பார்க். ரேஸ் கோர்ஸ் சாலைக்குப் பெயர் தந்தது அதுவே. குதிரை பராமரிப்போர், லாடம் அடிப்போர், புல் அறுப்போர் என்று பலருக்கும் அது பிழைப்பைத் தந்தது. 1933இல் பந்தயம் புக்கிட் தீமாவுக்கு மாறியது. 1999இல் கிராஞ்சிக்கு மாறியது. 2023 ஜூனில் பந்தயத்தையே நிறுத்துவதாக அறிவிப்பு வந்தது. 2024 அக்டோபர் 5ஆம் தேதி கடைசிப் பந்தயம் நடந்தது.

இப்போது இம்மூன்று இடங்களும் என்னவாகின்றன? ஃபேரர் பார்க் திடலில் ஏறத்தாழ 1,600 வீடுகள் கட்ட 2021இல் திட்டம் வெளியிடப்பட்டது. புக்கிட் தீமா டர்ஃப் சிட்டியில் 15,000 முதல் 20,000 வீடுகள் வரும் என்று 2024இல் அறிவிக்கப்பட்டது. கிராஞ்சியில் 14,000 வீடுகள் என்று 2025இல் அறிவிக்கப்பட்டது. தீவின் மூன்று பந்தயத் திடல்களும் குடியிருப்புகளாகின்றன.

சூதாட்டத்துக்காக யாரும் கண்ணீர் விட வேண்டியதில்லை. நாம் கவனிக்க வேண்டியது அறிவிப்புகளின் போக்கை. அவற்றில் முதலில் கண்ணில் படுவது வீடுகளின் எண்ணிக்கைதான். கிராஞ்சி அறிவிப்பின்போது பந்தயக் கழகத்தின் ஊழியர்கள் ஏறத்தாழ 350 பேர் என்பது செய்தியில் இடம்பெற்றது. ஆனால் அக்கழகத்தை நம்பித் தீவனம், வண்டி, மருத்துவம், உணவு என்று தொழில் செய்தவர்கள் அந்த 350க்குள் அடங்குவதில்லை. டர்ஃப் சிட்டியில் பழைய கார் வியாபாரிகளும் உணவகங்களும் விளையாட்டுப் பயிற்சிக் கூடங்களும் இயங்கின. 2023 இறுதிக்குள் அவர்கள் காலி செய்தார்கள். எத்தனை பேரின் வேலை எங்கே போயிற்று என்பதற்கு, வீடுகளுக்கு இருப்பதுபோல் ஒரு பொது எண்ணிக்கை நம் கையில் இல்லை.

சுங்கை ரோடு தரும் பாடம்

லிட்டில் இந்தியாவுக்கு அருகிலேயே இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு உண்டு. சுங்கை ரோட்டுப் பழைய பொருள் சந்தை 1930களில் தோன்றியது. ‘திருட்டுச் சந்தை’ என்று வேடிக்கையாகச் சொன்னாலும், அங்கு இருந்தவர்களில் பலர் பழைய கடிகாரம், வானொலி, நாணயம், துணி ஆகியவற்றைத் தரையில் விரித்து வைத்து நாலு காசு பார்த்த முதியவர்கள். வாடகையின்றிப் பொருள் விற்க முடிந்த கடைசி இடமாக அது இருந்தது. எம்ஆர்டி நிலையக் கட்டுமானத்துக்காக 2011இல் சந்தை பாதியாகச் சுருங்கியது. 2017 பிப்ரவரியில், அந்நிலம் எதிர்காலக் குடியிருப்பு மேம்பாட்டுக்குத் தேவைப்படுகிறது என்று அரசாங்கம் தெரிவித்தது. அவ்வாண்டு ஜூலை 10ஆம் தேதி சந்தை மூடப்பட்டது. அப்போது அங்கே ஏறத்தாழ 200 பேர் வியாபாரம் செய்தார்கள்.

பழைய உரிமம் வைத்திருந்த ஒரு சிலருக்கு வேறிடங்களில் கடை எடுத்துக்கொள்ள வாய்ப்பு அளிக்கப்பட்டது. மற்றவர்கள் ஒரே சந்தையாக இடம்பெயர மாற்று இடம் கேட்டார்கள், கிடைக்கவில்லை. ஒரு சந்தையின் பலம் அது சந்தையாக இருப்பதில்தான் இருக்கிறது. பத்து பேரைப் பத்து இடங்களுக்கு அனுப்பினால் வாங்க வருபவர் எங்கே போவார்?

இதே அரசாங்கம் இதைவிடப் பன்மடங்கு பெரிய பணியை முன்பு திறம்படச் செய்திருக்கிறது என்பதை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். 1960களின் இறுதியில் தெருவோர உணவு வியாபாரிகளும் பிற அங்காடிக்காரர்களுமாக ஏறத்தாழ 18,000 பேர் பதிவு செய்யப்பட்டார்கள். 1971 முதல் 1986 வரை உணவங்காடி நிலையங்கள் கட்டப்பட்டு, அவர்கள் தெருவிலிருந்து அங்கு குடியேற்றப்பட்டார்கள். தெருக்கள் தூய்மையாயின; தொழிலும் பிழைத்தது. 2020இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற நம் உணவங்காடிக் கலாசாரம் அந்த முடிவின் பலன்தான். அன்று வேறு இடம் தராமல் தெருவை மட்டும் காலி செய்திருந்தால், இன்று பெருமைப்பட நமக்கு என்ன இருந்திருக்கும்?

தொழிற்கூடங்களுக்கும் இப்படித்தான் நடந்தது. கம்பங்கள் அகற்றப்பட்டபோது வீட்டுக் கொல்லைகளில் இயங்கிய பட்டறைகளுக்காக வீவக டிஃபு லேன், சின் மிங் போன்ற இடங்களில் தொழிற்பேட்டைகளை அமைத்தது. வீடு கட்டும் கழகமே வேலைக்கும் இடம் கட்டித் தந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. அந்தத் தொழில்துறைச் சொத்துகள் 2018இல் ஜேடிசியிடம் ஒப்படைக்கப்பட்டன. வீட்டையும் வேலையிடத்தையும் ஒரே கை கவனித்த காலம் அத்துடன் மாறியது.

பெரிய தொழிலுக்கு வேலி உண்டு

வேலையிடத்தைப் பாதுகாக்கும் விதிகளே இங்கு இல்லை என்று சொல்ல முடியாது. தொழில்துறைக் கட்டடங்களில் குறைந்தது 60 விழுக்காட்டுப் பரப்பை உற்பத்தி போன்ற முதன்மைத் தொழில்களுக்கே பயன்படுத்த வேண்டும் என்ற விதி இருக்கிறது. அலுவலகம், காட்சிக்கூடம் போன்ற துணைப் பயன்பாடுகள் மீதமுள்ள 40 விழுக்காட்டுக்குள் அடங்க வேண்டும். தொழிற்கூடத்தை அனுமதியின்றி வீடாக்கவும் முடியாது.

கேலாங்கில் நடந்தது இன்னும் பொருத்தமானது. லோரோங் 4க்கும் லோரோங் 22க்கும் இடைப்பட்ட பகுதியில் வீடுகளும் கடைகளும் நெருங்கி உரசிக்கொண்டதால், 2015இல் நகர மறுசீரமைப்பு ஆணையம் அப்பகுதியின் நிலப் பயன்பாட்டை மாற்றி, புதிய குடியிருப்புகளுக்கு அங்கு இடமில்லை என்று முடிவெடுத்தது. வீட்டுக்காகக் கடையை நகர்த்தாமல், புதிய வீடுகள் வருவதை நிறுத்தினார்கள். தேவை என்று கருதினால் அப்படியும் செய்ய முடியும் என்பதற்கு இது சான்று.

மறுபுறம், 2019இல் வந்த ஊக்குவிப்புத் திட்டம் ஆன்சன் சாலை, செசில் ஸ்ட்ரீட், தஞ்சோங் பகார் வட்டாரங்களில் பழைய அலுவலகக் கட்டடங்களை வீடும் ஹோட்டலும் கலந்த கட்டடங்களாக மாற்றுவோருக்குக் கூடுதல் கட்டுமானப் பரப்பு தருகிறது. மாலையானால் வெறிச்சோடும் நகர மையத்துக்கு உயிரூட்ட அது உதவலாம். அங்கு இடம் மாறும் பெரிய நிறுவனம் வேறு கோபுரத்துக்குப் போய்விடும். அதன் தரைத்தளத்தில் சாவி வெட்டுபவரும் காலணி தைப்பவரும் அப்படிப் போக முடியுமா?

பெரிய ஆலைக்கு ஜேடிசி இருக்கிறது. உணவு விற்பவருக்கு உணவங்காடி நிலையம் இருக்கிறது. இவ்விரண்டிலும் சேராத சிறு தொழில்தான் வேலியில்லாத பயிராக நிற்கிறது. லிட்டில் இந்தியாவின் தொழில்களில் பல இந்த வகையைச் சேர்ந்தவை.

சுவர் நிற்கிறது, தொழில்?

பாதுகாக்கப்பட்ட வட்டாரம் என்பதால் கவலை வேண்டாம் என்று சிலர் கருதலாம். பாதுகாப்புச் சட்டம் காப்பது கட்டடத்தை: முகப்பு, சன்னல், ஓடு, ஐந்தடி நடைபாதை. உள்ளே நடக்கும் தொழிலை அது காப்பதில்லை. ‘கடைவீடு’ என்ற சொல்லிலேயே கடையும் வீடும் சேர்ந்திருக்கின்றன. கீழே தொழில், மேலே குடும்பம் என்பது அதன் இலக்கணம். தங்கும் விடுதியாகவோ பகிர்வுக் குடியிருப்பாகவோ மாறிய கடைவீட்டில் சாயம் பளிச்சென்று இருக்கும். பழைய தொழில் இருக்காது. தேக்கா மாலாக 2003இல் திறக்கப்பட்டு, பின்னர் ‘த வெர்ஜ்’ என்று பெயர் மாறிய கடைத்தொகுதி 2017இல் மூடப்பட்டது. அதே இடத்தில் 2020இல் திறந்த தேக்கா பிளேசில் கடைகளோடு சேவைக் குடியிருப்பும் சேர்ந்துகொண்டது.

இதற்கு வாடகைக் கட்டுப்பாடு மருந்தாகுமா? 1947ஆம் ஆண்டுச் சட்டம் பல கட்டடங்களில் வாடகையை உறைய வைத்தது. பராமரிக்கப் பணமில்லாமல் கட்டடங்கள் பாழாயின. 2001இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. அந்த வழிக்கே திரும்ப வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. நீண்டகாலத் தொழில்களை அங்கீகரிக்கும் முன்னோடித் திட்டத்தைத் தேசிய மரபுடைமைக் கழகம் 2025இல் தொடங்கியிருப்பது வரவேற்கத்தக்கது. ஆனால் அங்கீகாரச் சான்றிதழைச் சுவரில் மாட்டுவதற்கு முதலில் ஒரு சுவர் வேண்டும்.

வீடு வேண்டாமா?

வீடு நிச்சயமாக வேண்டும். நம்மில் பலர் இன்னும் சில ஆண்டுகளில் பிடிஓ வீட்டுக்கு விண்ணப்பிக்கப் போகிறவர்கள். நகருக்கு அருகில் வீடு கிடைத்தால் மகிழ்ச்சியோடு பெற்றுக்கொள்வோம். சிறிய தீவில் நிலத்துக்குப் போட்டி இருப்பதும் இயற்கையே. காலம் மாறும்போது சில தொழில்கள் தாமாகவே மறையும் என்பதையும் மறுக்க முடியாது. மாட்டுத் தொழுவம் தேக்காவுக்குத் திரும்ப வேண்டும் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

ஆனால் தானாக மறையும் தொழில் வேறு. வாடிக்கையாளர் இருந்தும் இடமில்லாமல் மறையும் தொழில் வேறு. முன்னதை ஏற்கலாம். பின்னது திட்டமிடுதலின் குறை.

சென்னைப் பெரம்பூரை எண்ணிப் பாருங்கள். பின்னி குழுமத்தின் பக்கிங்காம், கர்னாட்டிக் ஆலைகளின் தொழிலாளர்களைக் கொண்டுதான் 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது, திரு.வி.க. அதில் உழைத்தார். 1990களில் ஆலை மூடப்பட்டது. அந்த நிலத்தில் இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்து நிற்கின்றன. தலைமுறை தலைமுறையாக ஆலைக்கு நடந்து போன ஒரு வட்டாரம், வேலைக்காக ஊரின் மறுகோடிக்குப் பயணம் செய்யும் வட்டாரமாகிவிட்டது. அங்கு நிலம் தனியார் கையில் இருந்தது. சிங்கப்பூரிலோ பெரும்பகுதி நிலம் அரசாங்கத்திடம் இருக்கிறது. ஆகவே இங்கு முடியாது என்று சொல்வதற்குக் காரணங்கள் குறைவு.

என்ன செய்யலாம்?

முதலாவதாக, ஒரு வேலையிடத்தைக் குடியிருப்பாக மாற்றத் திட்டமிடும்போது, வரப்போகும் வீடுகளின் எண்ணிக்கையோடு, அங்கு நடக்கும் தொழில்கள், அவற்றில் உழைப்போர், அவர்கள் போகும் இடம் ஆகியவற்றையும் வெளியிட வேண்டும். எண்ணப்படாதது திட்டத்தில் இடம்பெறாது.

இரண்டாவதாக, மாற்று இடம் முதலில், காலி செய்வது பிறகு என்ற வரிசை வேண்டும். உணவங்காடிக்காரர்களுக்குக் கிடைத்த அதே வரிசைதான் இது.

மூன்றாவதாக, அரசாங்கம் குடியிருப்புக்கு நிலம் விற்கும்போது நிபந்தனை விதிக்கலாம். சில நிலங்களில் குழந்தைப் பராமரிப்பு நிலையம் கட்டியாக வேண்டும் என்று நிபந்தனை விதிக்கிறார்கள். காப்பிக் கடைகளின் குத்தகையைப் புதுப்பிக்கும்போது மலிவு விலை உணவு விற்க வேண்டும் என்று வீவக கேட்கிறது. அதுபோல், சுங்கை ரோடு போன்ற நிலத்தில் குடியிருப்பு எழும்போது, தரைத்தளத்தில் சில கூடங்களை அவ்வட்டாரச் சிறு தொழில்களுக்கு மிதமான வாடகையில் ஒதுக்கச் சொல்லலாம்.

நம் சமூகத்துக்கும் பொறுப்பு உண்டு. லிட்டில் இந்தியா ஆர்கேட் இந்து அறக்கட்டளை வாரியத்தின் பொறுப்பில் இருக்கிறது. கட்டட உரிமை ஒரு சமூக அமைப்பிடம் இருந்தால், யாருக்கு இடம் தருவது என்ற கேள்விக்கு வாடகையை மட்டும் பார்த்து விடை சொல்ல வேண்டியதில்லை. இன்னும் சில கடைவீடுகள் அப்படிச் சமூகத்தின் கைக்கு வருவதைப் பற்றி நம் அமைப்புகள் பேசலாம்.

வீடும் வேலையும் ஒன்றாக இருக்க முடியுமா என்று ஐயுறுவோருக்குத் தேக்கா நிலையமே விடை. பழைய கண்டாங் கெர்பாவ் சந்தை 1982இல் சாலையைக் கடந்து எதிர்ப்புறம் மாறியது. சந்தையும் உணவங்காடியும் துணிக்கடைகளும் தையல் கடைகளும் அங்கே இயங்க, அதே வளாகத்தில் வீவக வீடுகள் உயர்ந்து நிற்கின்றன. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அங்கே காலையில் மீன் வாங்கக் கூட்டம் குறையவில்லை. சந்தையை மூடிவிட்டு வீடு மட்டும் கட்டியிருந்தால் இன்று தேக்கா என்ற சொல்லுக்கு என்ன பொருள் இருந்திருக்கும்?

பெருந்திட்டம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுஆய்வு செய்யப்படுகிறது. ஒவ்வொரு முறையும் நகல் திட்டத்தைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்துக் கருத்துக் கேட்கிறார்கள். அப்போது எழுதிக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் வீட்டு உரிமையாளர்களும் இயற்கை ஆர்வலர்களுமே. அதிகாலையில் கடை திறந்து இரவில் மூடும் பூக்காரருக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. பல்கலைக்கழகத்தில் படிக்கும் நமக்கு நேரமும் இருக்கிறது, இரு மொழிகளும் இருக்கின்றன. தெருத்தெருவாகச் சென்று தேக்காவின் தொழில்களைப் பதிவு செய்து, எந்தக் கடை எத்தனை ஆண்டு, எத்தனை பேர் வேலை, குத்தகை எப்போது முடிகிறது என்று ஒரு பட்டியல் தயாரித்து, அடுத்த மறுஆய்வுக்கு முன் உரியவர்களிடம் கொடுக்கலாம். பட்டிமன்றத்துக்கும் நாடகத்துக்கும் நாம் செலவிடும் உழைப்பில் ஒரு பங்கு இதற்குப் போதும். தமிழ் வாழ வேண்டும் என்று மேடையில் பேசும் நாம், தமிழில் பிழைப்பு நடத்துவோருக்கு இடம் இருக்கிறதா என்று கேட்பதிலிருந்து தொடங்குவோம்.